எல்லாப் பலகையிலும் 214

ஜெராம்
14.3.2024

மாதவிக்கு,

அன்றைக்கு இருந்தவர்கள்: நான், என் மகன் முகுந்தன், அவன் பெண்டாட்டியாகிய நீ, பேத்தி தனேஸ்வரி, ராவாங்கிலிருந்து சின்ன லோரியோடு வந்த உன் அண்ணன் சுகுமாரன், ட்ரில்லோடு வந்த பக்கத்து வீட்டுச் சூசைமுத்து. ஆறு பேர். மார்ச் மூன்றாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, கோலசிலாங்கூர் வீட்டு ஹால். பிற்பாடு யாராவது நான் அங்கே இல்லை, எனக்குத் தெரியாது என்றால் அது செல்லாது. அதற்காகத்தான் முதலிலேயே எழுதி வைக்கிறேன்.

உன்னோடு பேசக்கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் போனில் எனக்கு ஒன்றும் கேட்பதில்லை. புதன்கிழமை இந்த முதியோர் இல்லத்தைப் பார்த்துக்கொள்ளும் டொரீன் தன் போனைப் பிடித்துக்கொண்டு காட்டுகிறாள், முகுந்தன் வாய் அசைகிறது, நான் தலையை ஆட்டுகிறேன். அவன் ஒரு வரி எழுத மாட்டான். நீ தமிழ்ப்பள்ளியில் படித்தவள். நான் மூன்றாவது வரைக்கும்தான், இருந்தாலும் என் கிறுக்கலை உன்னால் வாசிக்க முடியும்.

முதலில் விளக்குமாறு. அன்று காலை பத்து மணிக்கு, நான் கட்டிய ஈர்க்கு விளக்குமாற்றை நீ முழங்காலில் வைத்து முறித்தாய். “ஆஸ்திரேலியாவுல செடி, மண்ணு எதையும் விட மாட்டாங்க அத்த, ஃபைன் போடுவாங்க” என்றாய். போட்டால் போடட்டும் என்றேன். “நீங்களா கட்டுவீங்க?” என்று கேட்டாய். சூசைமுத்து முன்னால் கேட்டாய். அவன் குனிந்து ட்ரில்லைத் துடைத்தான். எனக்கு அது மறக்காது.

முதலில் கழற்றியது என் கட்டில். ஒன்பது வருஷத்துக்கு முன் உன் மாமனார் போனதும், எஸ்டேட் வீட்டிலிருந்து என்னை அழைத்து வந்தபோது, முகுந்தன் அட்டைப்பெட்டியில் வாங்கி வந்து தன் கையாலேயே பூட்டிய கட்டில். சூசைமுத்து கழற்றினான். ஸ்க்ரூக்களைப் பிளாஸ்டிக் பையில் போட்டான். முகுந்தன் பைமேல் டேப் ஒட்டி, கறுப்பு மார்க்கரால் ஆங்கிலத்தில் ஏதோ எழுதினான். எழுதிய மார்க்கரை மூடக்கூட இல்லை, அப்படியே என் கையில் கொடுத்தான். “சும்மா உக்காராதீங்கம்மா. எல்லாப் பலகைக்கும் நம்பர் போடுங்க. அங்க போயிப் பூட்டறதுக்கு வேணும்” என்றான்.

அவன் என்னிடம் ஒரு வேலை சொல்லி எத்தனை காலம் ஆயிற்று. கட்டிலுக்குப் போட்டேன். பிறகு உங்கள் துணி அலமாரி, பேத்தியின் மேசை, புத்தகத் தட்டு, செருப்புப் பெட்டி. சாயங்காலம் வரைக்கும் தரையில் உட்கார்ந்து போட்டேன். எழுந்திருக்க தனேஸ்வரி கை கொடுக்க வேண்டியிருந்தது.

“உங்க ரூம்ல மொதல்ல இந்தக் கட்டிலத்தான் பூட்டுவேன். மூணே மாசம்மா. விசா கெடச்சதும் நானே வந்து கூட்டிட்டுப் போறேன்” என்றான். கன்டெய்னரில் இடம் பத்தாது என்று கட்டிலை மட்டும் சுகுமாரன் அன்று மாலையே ஏற்றினான், போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் சேர்த்துவிடுவதாகச் சொன்னான். தூறிக்கொண்டிருந்தது. என் பழைய பச்சைச் சேலையைப் பலகைமேல் போர்த்தச் சொன்னேன். போர்த்தினானா என்று கேட்டு எழுது.

இங்கே டொரீன் நல்லவள். ஆறு கிழவிகள், ஆறு இரும்புக் கட்டில். மூன்று மாதம் என்றால் ஜூன். பொறுத்துக்கொள்வேன்.

அமராவதி


பெர்த்
6.5.2024

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் கடிதம் வந்தது. விளக்குமாற்று விஷயத்தில் நான் பேசியது தப்புதான். அன்றைக்குக் காலையிலிருந்து தலைவலி. அது ஒரு காரணம் இல்லை என்று தெரியும்.

போன வியாழக்கிழமை கன்டெய்னர் வந்தது. அவர் இங்கே சுரங்கத்தில் இயந்திரம் பழுது பார்க்கிறார். இரண்டு வாரம் அங்கே, ஒரு வாரம் வீட்டில். சாமான் வந்த அன்று அவர் இல்லை. நானும் தனேஸ்வரியும்தான் பிரித்தோம். மொத்தம் அறுபத்தொரு பலகை. அத்தை, அறுபத்தொன்றிலும் 214 என்று எழுதியிருக்கிறீர்கள்.

முதல் பலகையைப் பார்த்தபோது இருநூறு பலகை இருக்கிறதா என்று பயந்தேன். பத்தாவது பலகையில் சிரித்தேன். அப்புறம் எல்லாவற்றையும் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து அழுதேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று போட்டிருந்தால் எது எதோடு சேரும் என்று தெரிந்திருக்கும். எல்லாம் வெள்ளைப் பலகை, பார்க்க எல்லாம் ஒன்றுபோலவே. பூட்டும் முறை எழுதிய தாளை எப்போதோ தூக்கிப் போட்டுவிட்டோம். தரையில் மெத்தை போட்டுப் படுக்கிறோம். துணி இன்னும் பெட்டியில்.

அவரிடம் போனில் சொன்னேன். “நான் சொன்னதத்தானே அவங்க செஞ்சாங்க” என்று வைத்துவிட்டார்.

ஏன் அத்தை 214? கோபத்தில் கேட்கவில்லை. தனேஸ்வரிக்குத் தெரிந்துகொள்ள வேண்டுமாம்.

சேலையைப் பற்றி அண்ணனிடம் கேட்கிறேன்.

மாதவி


ஜெராம்
27.5.2024

மாதவிக்கு,

நம்பர் போடு என்றான், போட்டேன். வேறு எந்த நம்பரை நான் போடுவேன்?

எஸ்டேட்டின் செம்பனைக் காட்டில் உன் மாமனார் எண்ணெய்ப் பழக் குலையை வெட்டித் தள்ளுவார். நான் சிந்திய பழத்தைப் பொறுக்கிவிட்டுக் குலையின் காம்பில் எண்ணை எழுதி ரோட்டோரம் அடுக்குவேன். எங்கள் எண் 214. காம்பில் எண் இருந்தால்தான் அது நம் குலை. இல்லாவிட்டால் கணக்கு எழுதும் கிராணி அடுத்தவன் பேரில் போட்டுவிடுவான். இருபத்தாறு வருஷம் அப்படி எழுதிய கை இது. சாமான் கப்பலில் போகிறது, ஊரார் சாமானோடு கலக்கும், நம்முடையது என்று தெரிய வேண்டாமா? அதற்குத்தான் நம்பர் என்று நினைத்தேன். எதை எதோடு சேர்ப்பது என்பதற்கு எழுதிப் பார்க்க வேண்டுமா என்ன? கண் எதற்கு இருக்கிறது? தனேஸ்வரியிடம் சொல், 1987இல் லீலாவதி என்ற பொம்பளை எங்கள் குலையில் 214ஐ 241 ஆக்கி ஒரு வாரம் முழுக்கத் தன் பேரில் காட்டினாள். அவள் இப்போது சபாக்கில் இருக்கிறாள். கல்யாண வீட்டில் பார்த்தால் நான் வேறு வரிசையில் உட்காருகிறேன்.

இப்போது எழுதிக்கொள். பலகையின் பக்கத்தில் போய் நின்றுகொண்டு வாசி.

துணி அலமாரியின் இடது பலகை, அடியில் நாலு விரல் உயரத்துக்கு உப்பியிருக்கும். 2021 வெள்ளத்தில் நனைந்தது. வலது பலகையை நான் செங்கல்மேல் ஏற்றிவிட்டேன், அது உப்பவில்லை. இரண்டும் ஒரே உயரம். சேர்த்து நிறுத்து.

அலமாரியின் மேல் பலகையில் வட்டமாக மெழுகு ஒழுகிய தடம். கரண்ட் போன அன்று தனேஸ்வரி வைத்தது.

புத்தகத் தட்டில் நடுப்பலகை வளைந்திருக்கும். வளைவு மேலே பார்க்கப் போடு, புத்தகம் வைக்க வைக்க நிமிரும்.

பேத்தியின் மேசைப் பலகையில் அயர்ன் பாக்ஸ் சுட்ட தழும்பு. 2018 தீபாவளிக் காலையில் நீ வைத்தது. நான் வைத்தேன் என்று முகுந்தனிடம் சொன்னாய். அவன் என்னைத் திட்டினான். நான் வாய் திறக்கவில்லை. தழும்பு வலது கைப்பக்கம் வர வேண்டும்.

மற்றவை இரண்டாம் பக்கத்தில்.

என் கட்டிலுக்குத் தேடவே வேண்டாம். தலைப்பலகையில் தேங்காய் எண்ணெய்க் கறை, என் தலை அளவுக்கு. மோந்து பார்த்தாலே தெரியும். அதை எங்கே போட்டிருக்கிறாய்? ஜன்னல் பக்கம் போட்டால் தலைமாடு கிழக்கே இருக்கட்டும்.

சேலையைப் பற்றி நீ ஒன்றும் எழுதவில்லை.

அமராவதி


பெர்த்
20.6.2024

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் கடிதத்தை ஒரு கையிலும், எல் மாதிரி வளைந்த அந்தச் சின்னச் சாவியை இன்னொரு கையிலும் வைத்துக்கொண்டு நான்கு நாள் வேலை செய்தோம். தனேஸ்வரி வாசிப்பாள், நான் தேடுவேன். உப்பிய பலகை, மெழுகு, வளைவு எல்லாம் நீங்கள் சொன்ன இடத்தில் சொன்னபடி இருந்தன. “பாட்டிக்கு மண்டைக்குள்ள கேமரா இருக்கும்மா” என்கிறாள். அலமாரி நிற்கிறது. மேசை நிற்கிறது. தழும்பு வலது பக்கம் வந்தது. அயர்ன் பாக்ஸ் நான் வைத்ததுதான். அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும்.

ஆனால் ஒன்றும் முன்போல் இல்லை. மரத்தூளை அழுத்திச் செய்த பலகைதானே, ஒரு தடவை கழற்றினால் ஸ்க்ரூ ஓட்டை பெரிதாகிவிடுகிறது. அலமாரிக் கதவைத் திறந்தால் முழு அலமாரியும் என்னோடு வருகிறது. சுவரோடு சேர்த்துக் கயிறு கட்டியிருக்கிறேன். இதற்கா கப்பல் என்று தோன்றுகிறது.

வீடு சின்னது. இரண்டு அறை. குளிர் தொடங்கிவிட்டது. தனேஸ்வரி பள்ளியில் யாரோடும் அதிகம் பேசுவதில்லை.

கட்டிலைப் பற்றி அவரையே எழுதச் சொல்கிறேன்.

மாதவி


ஜெராம்
10.7.2024

மாதவிக்கு,

அவன் எழுதவில்லை. எழுத மாட்டான் என்று உனக்கும் தெரியும்.

இரண்டு அறை என்று எழுதியிருக்கிறாய். ஒன்றில் நீங்கள், ஒன்றில் பேத்தி. என் கட்டில் எந்த அறையில்? இதை நீ யோசிக்காமல் எழுதிவிட்டாயா, யோசித்தே எழுதினாயா என்று இரண்டு நாள் பார்த்தேன்.

இன்னொன்றும் எழுதுகிறேன். எனக்கு யாரும் பாஸ்போர்ட் எடுக்கவில்லை. போட்டோ பிடிக்கக்கூடக் கூட்டிக்கொண்டு போகவில்லை. விசாவுக்கு என்று எந்தக் காகிதத்திலும் நான் கையெழுத்துப் போடவில்லை. பிள்ளைக்கு ஊசி, டாக்டர், ஸ்கேன் என்று நீங்கள் மூன்று பேரும் எட்டுத் தடவை கோலாலம்பூர் போனீர்கள். எட்டுத் தடவையும் எனக்கு நாள் தெரியும். நான் ஒரு தடவையும் போகவில்லை. இது எனக்கு மார்ச்சிலேயே உறுத்தியது. ஆனால் அவன் மார்க்கரைக் கையில் கொடுத்துவிட்டான். கட்டிலுக்கு எண் போடச் சொன்னவன் ஆளை விட்டுவிட்டா போவான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஜூன் போய்விட்டது. இங்கே கேட்கிறார்கள். பக்கத்துக் கட்டில் சந்திரிகா, “ஒங்க மவன் எப்ப வராரு?” என்பாள். தீபாவளிக்கு என்று சொல்லிவிட்டேன். எந்தத் தீபாவளி என்று அவளும் கேட்கவில்லை. அவள் மகள் கம்போங் குவாந்தானில், இங்கிருந்து கார் ஏறினால் சோறு ஆறுவதற்குள் வந்துவிடலாம். போன வருஷம் ஒரு தடவை வந்தாளாம்.

இரும்புக் கட்டிலின் நடுவில் குழி. விடிந்தால் இடுப்பு நிமிர்வதில்லை. சுவரைப் பிடித்துத்தான் கக்கூசுக்குப் போகிறேன். டொரீன் தைலம் தேய்க்கிறாள். நேற்று அவள் என் பெட்டியைக் கட்டிலுக்கு அடியிலிருந்து எடுத்து அலமாரியில் துணிகளை அடுக்கினாள். “எத்தன நாள்தான் பொட்டியிலயே வெச்சிருப்பீங்க ஆன்ட்டி” என்றாள். நான் திரும்பவும் பெட்டியில் அடுக்கிவிட்டேன்.

ஒரே கேள்வி. என் கட்டில் கப்பல் ஏறியதா, இல்லையா?

அமராவதி


பெர்த்
2.8.2024

அத்தைக்கு,

ஏறவில்லை.

நான்தான் வேண்டாம் என்றேன். வீடு சின்னது என்று எனக்கு முன்பே தெரியும். அவரிடம் சண்டை போட்டு, அண்ணன் வீட்டில் வைக்கச் சொன்னதும் நான்தான். விசாவும் இப்போதைக்கு இல்லை. பெற்றோரை அழைக்க வருஷக்கணக்கில் வரிசையில் நிற்க வேண்டுமாம். வரிசையில் இன்னும் பேர்கூடக் கொடுக்கவில்லை. அவருக்கு எதுவும் தெரியாது, எல்லாம் என் வேலை. கோபப்பட வேண்டுமானால் என்மேல் படுங்கள், அது உங்களுக்குப் புதிது இல்லை.

உங்கள் இடுப்பைப் பற்றிப் படித்ததும் அண்ணனுக்கு போன் பண்ணினேன். பதினெட்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை சூசைமுத்து அங்கிளையும் கூட்டிக்கொண்டு கட்டிலோடு வருவார். டொரீன் அக்காவிடம் சொல்லியிருக்கிறேன். இனி அதிலாவது படுங்கள்.

மாதவி


ஜெராம்
26.8.2024

மாதவிக்கு,

கட்டில் வந்தது.

சுகுமாரன் லோரியை நிறுத்தியதும் நான் வாசலுக்குப் போனேன். மேலே என் பச்சைச் சேலை. “மழைல நனையல அத்த. அன்னிக்கே போத்திட்டேன். அப்படியே எங்க கார் ஷெட்ல இருந்துச்சு” என்றான். நல்லது என்றேன். போர்ட் கிள்ளான் பக்கம் போகவே இல்லையா என்றேன். இல்லை என்றான்.

“யாரு வேணாம்னது?”

அவன் சூசைமுத்துவைப் பார்த்தான். சூசைமுத்து லோரியைப் பார்த்தான்.

“மாதவிதான் வேணாம்னுச்சுன்னு சொல்லச் சொல்லுச்சு அத்த.”

“யாரு சொல்லச் சொன்னா?”

“மாதவிதான்.”

உன் அண்ணனுக்குப் பொய் சொல்ல வராது. உனக்கும் வராது. பொய் சொல்கிறவள் எனக்குக் கட்டிலை அனுப்பியிருக்க மாட்டாள்.

பலகைகளை இறக்கினார்கள். பத்துப் பலகை, பத்திலும் 214. தலைப்பலகையின் பின்னால் ஸ்க்ரூப் பை ஒட்டியபடியே இருந்தது. அதன்மேல் டேப், கறுப்பு எழுத்து. அன்றைக்கு அவன் எழுதும்போது நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன், ஆங்கிலம் என்பதால் விட்டுவிட்டேன். டொரீனைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னேன். அவள் வாசித்துவிட்டு, “ஒன்னுமில்ல ஆன்ட்டி, கட்டில்னு போட்டிருக்கு” என்றாள். முழுசாக வாசி என்றேன். அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். பிறகு வாசித்தாள்.

“அம்மா கட்டில். சுகு வீடு, ராவாங். கப்பலுக்கு இல்லை.”

அதை எழுதிவிட்டுத்தான் மார்க்கரை என் கையில் கொடுத்திருக்கிறான். மூடாமல். மை காயவில்லை. கப்பலுக்கு இல்லை என்று எழுதிய அதே மையில் நான் என் கட்டிலுக்கு எண் போட்டேன். போடச் சொல்லிவிட்டுப் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தான். ஒன்று, இரண்டு என்று போடாமல் நான் 214 போட்டதைக்கூட அவன் கவனிக்கவில்லை. என்ன போட்டாலும் அவனுக்கு ஒன்றுதான். என் கை சும்மா இருக்கக் கூடாது, வாய் கேள்வி கேட்கக் கூடாது, அவ்வளவுதான் அந்த வேலை. மற்றச் சாமானுக்கும் நான் அப்படியே போட்டுக்கொண்டு போனேன். நீ நான்கு நாள் பலகையோடு மல்லுக்கட்டியது அதனால்தான்.

சூசைமுத்து பூட்டிப் பார்த்தான். ஸ்க்ரூ சுற்றிக்கொண்டே இருந்தது, பிடிக்கவில்லை. ஓட்டையில் தீக்குச்சியை ஒடித்துச் சொருகினான். “இது அப்படித்தான் லா அம்மா. ஒரு தடவ பூட்டறதுக்குத்தான் செஞ்சது” என்றான். கட்டில் இடது பக்கம் சாய்ந்து நிற்கிறது. சுவரோடு ஒட்டிப் போட்டிருக்கிறார்கள். நான் சுவர்ப் பக்கமாகப் படுக்கிறேன், புரண்டால் கீச்சிடுகிறது. சந்திரிகா, “ஒங்க கட்டில் வந்துருச்சு, அப்போ நீங்க போகல?” என்றாள். இல்லை என்றேன். துணிகளை அலமாரியில் அடுக்கிவிட்டேன்.

அன்றைக்கு இருந்தவர்கள் ஆறு பேர் என்று எழுதியிருந்தேன். ஒவ்வொருவராக யோசித்தேன்.

சூசைமுத்துவுக்குக் கழற்றுவதும் பூட்டுவதும் தவிர ஒன்றும் தெரியாது. தனேஸ்வரி குழந்தை. அவளுக்குத் தெரிந்திருந்தால் அன்று எனக்குக் கை கொடுத்துத் தூக்கியபோது என் முகத்தைப் பார்த்துச் சிரித்திருக்க மாட்டாள், சிரித்தாள். சுகுமாரன் தெரிந்தே ஏற்றினான், ஆனால் சேலையைப் போர்த்தினான். அது போதும்.

நீ விளக்குமாற்றை முறித்தாய். அயர்ன் பாக்ஸில் பொய் சொன்னாய். இப்போது புருஷனுக்காக இந்தப் பொய்யையும் உன் தலையில் போட்டுக்கொண்டாய். மூன்றையும் விட்டுவிட்டேன். முதல் இரண்டையும் மறக்க மாட்டேன், அது வேறு. சபாக் போகிறவர்கள் யாரும் இருந்தால் லீலாவதியையும் விட்டுவிட்டேன் என்று சொல்லி அனுப்பலாம் என்று இருக்கிறேன்.

நான் ஒருத்தி. பாஸ்போர்ட் இல்லை என்று தெரிந்தும் எண் போட்டேன். அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

கூட்டிக்கொண்டு போகாததற்கு எனக்குக் கோபம் இல்லை. “முடியலம்மா” என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் கத்தியிருப்பேன். இரண்டு நாள் சோறு தின்றிருக்க மாட்டேன். மூன்றாம் நாள் நானே என் பெட்டியைக் கட்டியிருப்பேன். எனக்கு அந்த மூன்று நாளைக்கூடக் கொடுக்கவில்லை.

இனிப் புதன்கிழமை போன் வேண்டாம். டொரீனிடம் சொல்லிவிட்டேன். டிக்கெட், தீபாவளி, எதுவும் எழுத வேண்டாம். தனேஸ்வரியின் மேசைக்கு அடியில் இடது கால் கொஞ்சம் குட்டை, அட்டையை மடித்து வை. அதை முன்பு எழுத மறந்துவிட்டேன்.

அவன் சுரங்கத்திலிருந்து வந்ததும் இந்தக் கடிதத்தை அவன் கையில் கொடு. நீ வாசித்துக் காட்டாதே. ஆங்கிலத்தில் எழுதினால் அம்மாவுக்குத் தெரியாது என்று இருந்தவன், இதைத் தமிழில் எழுத்துக்கூட்டியாவது தானே வாசிக்கட்டும். வாசித்துக்கொண்டே வந்து கடைசியில் தன் பேரைத் தானே பார்க்கட்டும்.

நான் மன்னிக்காதவன் ஒருவன்தான். நான் பெற்ற முகுந்தன்.